சுத்தமான போன்

“இது தெளிவா இருக்கா, இல்ல இதுக்கு முந்தினதா?”

கேள்வியைக் கண்ணாடிக் கடைக்காரன் லென்ஸ் கேட்டுவிட்டான். பதில்தான் அவன் காதில் விழவில்லை.

கண்ணாடி மாற்றிப் பார்க்கும் கனமான சோதனைச் சட்டத்தை மூக்கில் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்த பஸ் டிரைவர், “முந்தினதுதான்” என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் சொன்னார். பிறகு திரும்பிப் பார்த்தார். கடைக்காரன் மேஜைக்கு அடியில் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தம்பி, கண்ணு எனக்குப் பாக்கணுமா, உங்களுக்கா?”

“மன்னிச்சுக்குங்க. அடுத்த வரியைப் படிங்க.”

“அடுத்த வரி ஏது? கடைசி வரியும் படிச்சு முடிச்சாச்சு.”

கடைவீதியில் சின்ன மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் சொந்தபந்தம் முழுக்க அவனை ‘லென்ஸ்’ என்றே கூப்பிடும். மற்றவர் கண்ணில் இருக்கிற கோளாறை நிமிடத்தில் சொல்லிவிடுவான். போன வாரம் மழையில் அவன் கண்ணே ஒரு காட்சியைப் பார்த்தது. தெருமுனையில் சாம்பல் நிறக் கார். அதிலிருந்து தலையில் கைப்பையைப் பிடித்தபடி இறங்கி ஓடிவந்தவள் அவன் மனைவி. காரை ஓட்டி வந்தவர் அவள் ஆபீசுக்கு வழக்கு விஷயமாக வந்துபோகும் அரசு வக்கீல்.

“எதுல வந்தே?” என்று கேட்டான்.

“பஸ்ல” என்றாள்.

அந்த ஒரு சொல் உள்ளே போய் முள்ளாக உட்கார்ந்துகொண்டது. சாப்பிடும்போது குத்தியது. பல் தேய்க்கும்போது குத்தியது. இப்போது பஸ் டிரைவரின் கண்ணைச் சோதிக்கும்போதும் குத்திக்கொண்டிருந்தது.

ஆனால் சந்தேகம் அந்த மழையில் முளைத்ததல்ல. அதற்கும் முன்பு, காய்ச்சலில் படுத்திருந்த மனைவி, “நான் வரலன்னு ஆபீசுக்கு ஒரு மெசேஜ் போட்டுடுங்க” என்று போனை அவன் கையில் கொடுத்து, பூட்டைத் திறக்கும் எண்ணையும் சொல்லிவிட்டுப் போர்வைக்குள் புகுந்துகொண்டாள். அவன் மெசேஜ் போட்டான். போனைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் இன்னொன்றையும் செய்தான். ‘குடும்பக் காவலன்’ என்று ஒரு ஆப்பை அதற்குள் இறக்கி, வெளியே தெரியாதபடி ஒளித்து வைத்தான். பாசமுள்ள குடும்பங்களுக்கானது என்று அதன் விளம்பரம் சொன்னது.

அன்றிலிருந்து மனைவி எங்கே போகிறாள் என்பது அவன் போனில் ஒரு நீலப் புள்ளியாகத் தெரிந்தது. அவளுக்கு யார் என்ன எழுதினாலும் அவனுக்கும் ஒரு பிரதி வந்தது. இன்று காலை வந்த வரி இது: ‘நாளைய விசாரணைக்கு நீங்க இல்லாம முடியாது. சீக்கிரம் வந்துடுங்க.’ அனுப்பியவர் அரசு வக்கீல்.

அதை லென்ஸ் பலமுறை படித்துவிட்டான். விசாரணை என்ற சொல்லை அவன் கண் தாண்டிப் போனது. ‘நீங்க இல்லாம முடியாது’ என்பதில் போய் நின்றது.

போன் அதிர்ந்தது. கோச் அக்கா. அவனுடைய கூடப்பிறந்த அக்கா. நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவள். தண்ணீருக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய குரல். போனிலும் அதைக் குறைக்கத் தெரியாது.

“என்னடா, எங்க இருக்கான்னு பார்த்தியா?”

“ஆபீஸ்லதான் இருக்கா.”

“அவரும் அங்கதானே இருப்பாரு?”

“அக்கா, கடையில ஆள் இருக்காங்க.”

“நான் ஒண்ணும் சொல்லல. எதிலயும் தலையிடற ஆளும் நான் இல்ல. கண்ணாடிக் கடைக்காரன் பொண்டாட்டிக்கு வக்கீல் கார் எதுக்குன்னு ஊர் கேக்கும், அதுக்குத்தான்.”

ஊர் இன்னும் கேட்கவில்லை. அக்கா மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

●

அதே நேரத்தில் அவன் மனைவி மைனா கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

சின்ன வயதில் வாய் மூடாமல் பேசுவாள் என்பதால் அவள் அப்பா வைத்த பெயர். வேலை அவளுக்கு நேர்மாறாக அமைந்தது. நீதிமன்றங்களுக்காகக் கைப்பேசிகளையும் கணினிகளையும் ஆராயும் ஆய்வகம் அது. உள்ளே பார்த்ததை வெளியே பேசக் கூடாது. வீட்டில் கணவன், “இன்னிக்கு என்ன?” என்று கேட்டால், “ஆபீஸ் விஷயம்” என்பாள். அந்தப் பதில் அவனுக்குள் என்ன செய்துகொண்டிருந்தது என்று அவள் யோசித்ததே இல்லை.

மேஜைமேல் இருந்தது ஒரு நர்ஸ் பெண்ணின் போன். கல்யாணத்துக்கு நிச்சயம் செய்த ஆளை வேண்டாம் என்று சொன்னவள். அவன் விடவில்லை. அவளுக்கே தெரியாமல் அவள் போனுக்குள் ஒரு ஆப்பைப் புகுத்தி, அவள் போன இடத்துக்கெல்லாம் போய் நின்றான். ஒருநாள் மருத்துவமனை வாசலில் வைத்துக் கையை முறித்தான். இப்போது ஜாமீனில் வெளியே இருக்கிறான். அந்த ஜாமீனை ரத்து செய்யச் சொல்லி நாளைக்கு விசாரணை. அந்தப் பெண் இப்போது ஒரு விடுதியில் ஒளிந்திருக்கிறாள். தன் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுவதற்காகத் துணிப்பையோடு வந்து காலையிலிருந்தே நடைபாதைப் பெஞ்சில் காத்திருந்தாள்.

“நீதிபதிக்கு ஒரே பார்வையில புரியணும்” என்றார் அங்கே வந்திருந்த அரசு வக்கீல். “இது சுத்தமான போன், இது கண்காணிப்பு ஆப் இருக்கிற போன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல காட்டிட்டா போதும்.”

“சுத்தமான போனுக்கு எங்க போறது?” என்றார் ஆய்வகத் தலைவி. எல்லோருக்கும் அவர் ‘பெரிய மேடம்’. “நம்ம சோதனைப் போன் பேட்டரி உப்பிப்போய்க் கெடக்கு.”

“என்னோடதைப் போடறேன் மேடம்” என்றாள் மைனா. “அதுல என்ன இருக்கப்போகுது? என் வீட்டுக்காரர் குறட்டை விடற வீடியோ ஒண்ணு இருக்கும்.”

வக்கீல் சிரித்தார். அவள் தன் போனை லாக்கரிலிருந்து கொண்டுவந்து கருவியில் இணைத்தாள். திரையில் பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாக இறங்கின. பேசிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கோடு சிவப்பாக வந்தது.

கருவி தப்பாகச் சொல்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். கம்பியை உருவி, துடைத்து, மறுபடி செருகினாள். மறுபடியும் சிவப்பு. நர்ஸ் பெண்ணின் போனில் இருந்த அதே ஆப். அதே ஒளிவிடம்.

பெரிய மேடம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார். “அடப்பாவி, நம்ம ஆபீசுக்குள்ளயே கைய வச்சிருக்கான்.”

“யாரு மேடம்?”

“வேற யாரு? உன் ரிப்போர்ட்டாலதான் அவன் மாட்டப்போறான். அதான் உன் போனுக்குள்ளயே நுழைஞ்சிருக்கான்.”

வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். “சாட்சி சொல்லப்போற நிபுணரையே வேவு பார்த்திருக்கான். இது தனிக் குற்றச்சாட்டு. நாளைக்கு இதைச் சொன்னா அவன் ஜாமீன் அங்கேயே போயிடும்.”

இருவரும் சேர்ந்து பேச ஆரம்பித்தார்கள். மைனாவின் கண் திரையின் ஓரத்தில் இருந்த ஒரு தேதியில் நின்றிருந்தது. அந்த ஆப் போனுக்குள் வந்த தேதி.

காய்ச்சல் நாள்.

அன்று அவள் வீட்டை விட்டு இறங்கவில்லை. வீட்டுக்கு யாரும் வரவில்லை. போன் அவள் தலையணைக்கு அருகிலும், கொஞ்ச நேரம் இன்னொருவர் கையிலும் இருந்தது. ‘பூட்டோட எண்ணைச் சொல்லு’ என்று அவர் கேட்கக்கூட இல்லை. அவளாகவே சொன்னாள்.

அந்தத் தேதியை மறுபடி ஒருமுறை படித்தாள்.

“வெளியிலேர்ந்து யாராவது இதை அழிச்சுடப்போறாங்க, பையில போடு” என்றார் பெரிய மேடம்.

சிக்னல் புகாத வெள்ளி நிறப் பை ஒன்று எப்போதும் அங்கே இருக்கும். மைனா தன் போனை அதற்குள் போட்டு ஓரத்தை ஒட்டினாள்.

●

கடையில் லென்ஸ் ஒரு கண்ணாடியின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தான்.

நீலப் புள்ளி இல்லை.

வரைபடம் இருந்தது, தெருக்கள் இருந்தன, அவளைக் காணோம். கூப்பிட்டான். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது குரல். மறுபடி கூப்பிட்டான். அதே குரல்.

காலையில் ‘சீக்கிரம் வந்துடுங்க’ என்கிறான் ஒருத்தன். மத்தியானத்துக்குள் போன் அணைந்துவிடுகிறது. அவன் மனம் இரண்டையும் முடிச்சுப் போட்டது. சாம்பல் நிறக் கார் ஏதோ ஒரு சாலையில் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடி ஏற்றியிருந்தது. உள்ளே அவள் பழைய மாதிரி பேசிக்கொண்டிருந்தாள், வாய் மூடாமல்.

கையில் இருந்த கண்ணாடியில் விரிசல் விட்டிருப்பதை அப்போதுதான் பார்த்தான். அதை மேஜையில் போட்டுவிட்டு ஷட்டரை இறக்கினான். எதிரே வந்த வாடிக்கையாளர், “என்னோடது ரெடியா?” என்று கேட்டதற்கு, ஸ்கூட்டரைக் கிளப்பியபடியே தலையை ஆட்டினான். ஆமாம் என்றா இல்லை என்றா, அவனுக்கே தெரியாது.

ஆய்வகத்தின் வாசலில் சாம்பல் நிறக் கார் நின்றிருந்தது. அப்படியானால் இரண்டு பேரும் உள்ளேதான் இருக்கிறார்கள். நிம்மதி வரவேண்டிய இடத்தில் இன்னொரு எரிச்சல் வந்தது.

●

பார்வையாளர் அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஒரு தண்ணீர்க் கேனும் இருந்தன. லென்ஸ் உட்காரவில்லை. ஹெல்மெட்டைக் கையிலேயே பிடித்திருந்தான். மைனா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

“எதுக்குப் போனை ஆஃப் பண்ண?”

“ஆஃப் பண்ணல. பையில போட்டிருக்கு. ஏன், கூப்பிட்டீங்களா?”

“அவன் எங்க?”

“யாரு?”

“உன் வக்கீல். ‘நீங்க இல்லாம முடியாது, சீக்கிரம் வந்துடுங்க’ன்னு கெஞ்சினானே, அவன்தான்.”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே கேட்டது.

மைனா கதவில் சாய்ந்துகொண்டாள். தேதியைப் பார்த்தபோதுகூட வேறு ஏதாவது விளக்கம் இருக்காதா என்று ஒரு மூலையில் தேடிக்கொண்டிருந்தாள். இனித் தேட ஒன்றும் இல்லை.

“அந்த மெசேஜை எங்க படிச்சீங்க?”

“உன் போன் மேஜைல கெடந்துச்சு, கண்ணுல பட்டுச்சு.”

“அது வர்றப்ப நான் பஸ்ல இருந்தேன். படிச்ச உடனே அழிச்சுட்டேன்.”

“அழிக்கிறேன்னா உள்ள என்னமோ இருக்குன்னுதானே அர்த்தம்?”

“கேஸ் விஷயம் எதையும் போன்ல வச்சுக்கக் கூடாதுன்னு ஆபீஸ்ல விதி இருக்கு.” அவள் குரல் உயரவில்லை. “காய்ச்சல் அன்னிக்குத்தானே?”

அவன் ஹெல்மெட்டின் வாரைத் திருகிக்கொண்டிருந்தான். “கார்ல வந்துட்டு பஸ்னு சொன்னியே” என்றான்.

“சொன்னேன். அன்னிக்கு மழையில பஸ்ஸே ஓடல. கார்னு சொல்லியிருந்தா நீங்க சாப்பிடாம மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருப்பீங்க. அதுக்குப் பயந்துட்டுத்தான் சொன்னேன். அது பொய்தான். ஆனா காய்ச்சல் அதுக்கு முன்னாடியே வந்துடுச்சுங்க.”

லென்ஸ் கடைசியில் உட்கார்ந்தான்.

“உனக்குத் தெரியாது. கல்யாணம் ஆன புதுசுல பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டதுலேர்ந்து எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லுவ. காது வலிக்குதுன்னு நான்தான் எழுந்து போவேன். இப்ப ஆபீஸ் விஷயம், ஆபீஸ் விஷயம்னு வாயே தெறக்கறதில்ல. அந்த ஆபீஸ் விஷயத்தை அவன்கிட்ட மட்டும் நாள் பூரா பேசுற. எனக்குச் சேரவேண்டிய பேச்செல்லாம் அவனுக்குப் போயிடுச்சேன்னு இருந்துச்சு. தொட்டுக்கிட்டீங்க, சிரிச்சுக்கிட்டீங்கன்னெல்லாம்கூட இல்ல. பேசறியேன்னுதான்.”

இதை அவன் அன்றைக்கே சொல்லியிருந்தால் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். இப்போதும் ஒரு அடி எடுத்து வைத்தாள். பிறகு நின்றாள்.

“உள்ள என்ன நடக்குது தெரியுமா? இந்த வழக்குல இருக்கானே ஒருத்தன், அவன்தான் என் போன்ல இதை வச்சான்னு எழுதப்போறாங்க.”

லென்ஸ் தலை நிமிர்ந்தது. அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தை அவள் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

“அப்படியே விட்டுடு மைனா.”

“என்ன?”

“அவன் என்ன நல்லவனா? ஒரு பொண்ணோட கையை முறிச்சவன்னு உன் மெசேஜ்லயே பார்த்தேன். அவன் கணக்குல இன்னொண்ணு சேர்ந்தா என்ன கெட்டுப்போச்சு? எப்படியும் உள்ள போகப்போறவன்தானே.”

ஒரு நொடி அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நாளைக்கு அந்தக் கயவன் உள்ளே போவான். பெஞ்சில் இருக்கும் பெண் நிம்மதியாகத் தூங்குவாள். லென்ஸ் கடையைத் திறப்பான். யாருக்கும் நஷ்டமில்லை.

ஆனால் நாளைக்குக் கூண்டில் ஏறி, ‘நான் பார்த்தது உண்மை’ என்று சொல்லப்போகிறவள் அவள்தான்.

“எம்மேல கோபப்படு. அடிச்சுக்கூடப் போடு. எல்லாம் உம்மேல இருக்கிற பாசத்துல பண்ணதுதான்” என்றான்.

“அவனோட வாக்குமூலத்தை நான் படிச்சிருக்கேன்” என்றாள் மைனா. “அவனும் பாசம்னுதான் சொல்லியிருக்கான்.”

கதவைத் திறந்தாள். அவன் எழுந்து வந்து மணிக்கட்டைப் பிடித்தான். கெஞ்சும் பிடிதான். அப்போதும் அவன் கேட்டது இதைத்தான்:

“சொல்றதுன்னா சொல்லு. அந்த மேடம்கிட்ட மட்டும் சொல்லு. அவன் முன்னாடி மட்டும் சொல்லாத.”

●

வக்கீல் முன்னாடிதான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் அறையிலேயே இருந்தார். அவள் நின்றுகொண்டே சொல்லி முடித்தாள். அவர் எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். பாதி திறந்திருந்த கதவின் வழியாகப் பார்வையாளர் அறையிலிருந்து அதைப் பார்த்த லென்ஸுக்கு, தன் தலைக்கு மேல் கத்தி தொங்கும் அந்த நேரத்திலும், உள்ளே எரிந்தது.

பெரிய மேடம் எழுதிக்கொண்டிருந்த தாளைக் கிழித்தார்.

“நீயேதான் எண்ணைச் சொன்னியா?”

“லீவ் மெசேஜ் போடறதுக்காகச் சொன்னேன் மேடம்.”

“அதையே அனுமதின்னு வாதம் பண்ணுவாங்க.”

“செல்லாது” என்றார் வக்கீல். “ஒரு வேலைக்காகக் கதவைத் திறந்துவிட்டா அந்த வேலையோட நிக்கணும். அதைத் தாண்டினா அத்துமீறல். அடுத்தவங்களுக்கு வர்ற செய்தியை நடுவுல புகுந்து படிக்கிறது அதைவிடப் பெரிய குற்றம். புருஷன், பொண்டாட்டின்னு சட்டம் யாரையும் விட்டுடல.”

“நான் புகார் குடுக்கலன்னா?”

கேட்டுவிட்டு மைனா தரையைப் பார்த்தாள்.

“உன் சொந்த விஷயம் மட்டும் போயிருந்தா உன் இஷ்டம்” என்றார் பெரிய மேடம். அவர் குரல் இளகியிருந்தது. “வழக்கு விஷயமும் சேர்ந்து போயிருக்கு. நீ மன்னிச்சாலும் நான் போலீசுக்குச் சொல்லியே ஆகணும். சொல்லலன்னா நானும் குற்றவாளி.”

வக்கீல் கண்ணை மூடித் திறந்தார். “என் மெசேஜும் அதுல இருக்கு. நானும் சாட்சி ஆயிட்டேன். இந்த வழக்கை இனி நான் நடத்த முடியாது. நீங்களும் ரிப்போர்ட் குடுக்க முடியாது. நாளைய விசாரணை தள்ளிப்போகும்.”

“அதுவரைக்கும் அவன் வெளியிலதானே இருப்பான்?”

“இருப்பான்.” அவர் தயங்கினார். “அதைவிட மோசம் ஒண்ணு இருக்கு. அந்தப் பொண்ணு தங்கியிருக்கிற விடுதிப் பேரை உங்களுக்கு அனுப்பினேனே. ஞாபகம் இருக்கா?”

“அதையும் அழிச்சுட்டேன்” என்றாள் மைனா.

“நீ அழிக்கிறதுக்கு முன்னாடியே பிரதி போயிருக்கும்” என்றார் பெரிய மேடம். “உன் வீட்டுக்காரருக்கு மட்டுமில்ல, அந்த ஆப்பை நடத்தறவங்களுக்கும். அந்தப் பொண்ணோட கையை முறிச்சவன் அவங்களோட பழைய வாடிக்கையாளர். அவங்க அவன்கிட்ட அதை வித்தாங்களா, இல்லையா, யாருக்குத் தெரியும்? அந்தப் பொண்ணை இன்னிக்கே வேற இடத்துக்கு மாத்தியாகணும்.”

போலீஸ் வரும்வரை லென்ஸைப் பார்வையாளர் அறையிலேயே இருக்கச் சொன்னார்கள். வக்கீல் அந்தப் பக்கம் போகும்போது, கேனிலிருந்து ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து நீட்டினார்.

“குடிங்க சார்.”

நாக்கு வறண்டிருந்தது. லென்ஸ் கையை நீட்டவில்லை. அவர் டம்ளரைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார்.

●

“உங்களுக்குப் போன்” என்றாள் வரவேற்புப் பெண். மைனாவின் போன் வெள்ளிப் பைக்குள் இருந்ததால் அழைப்பு அலுவலக எண்ணுக்கு வந்திருந்தது. ரிசீவரைக் காதில் வைப்பதற்குள் கோச் அக்காவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“தம்பி எல்லாத்தையும் போன்ல சொன்னான். குடும்ப விஷயத்தை ஆபீஸ்ல போய் எழுதிக் குடுத்துட்டியாமே?”

“அண்ணி...”

“எந்தப் புருஷன் பொண்டாட்டிய கவனிக்காம விடுவான்? கவனிச்சா குத்தமா? எந்தம்பிய உள்ள தள்ளிட்டு எந்த மூஞ்சியோட இந்த வீட்டுப் படி ஏறுவ? இது எங்கப்பா கட்டின வீடு, ஞாபகம் இருக்கட்டும்.”

“அவர் பண்ணது தப்பு அண்ணி.”

“அப்ப எம்மேலயும் எழுதிக் குடு. அந்த ஆப்பை அவனுக்குக் காட்டினதே நான்தான். எம் போன்லயும் நான் பார்ப்பேன், நீ எங்க போற, யாரோட பேசறன்னு. என்ன பண்ணிடுவ?”

வரவேற்புப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

இத்தனை நாளும் மைனாவின் பின்னால் வந்தது ஒரு ஜோடிக் கண் மட்டும் இல்லை.

“அண்ணி” என்றாள் மெதுவாக. “இந்த ஆபீஸ் லைன்ல பேசறது எல்லாம் பதிவாகும்.”

அந்தப் பக்கம் குளத்துப் பிள்ளைகளின் கூச்சல் மட்டும் கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது.

●

நடைபாதைப் பெஞ்சில் நர்ஸ் பெண் இன்னும் உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்திருந்தாள்.

“மேடம், நான்தான் போய்ச் சொல்லணும்” என்று பெரிய மேடத்திடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள் மைனா.

“கையெழுத்துப் போட வரட்டுமா மேடம்?”

“இன்னிக்குக் கையெழுத்து இல்லம்மா. நாளைய விசாரணை தள்ளிப்போகுது.”

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. கேள்வி கேட்கவில்லை. தள்ளிப்போவது அவளுக்குப் பழகியிருந்தது.

“நீ விடுதியையும் மாத்தணும். இன்னிக்கே. உன் இடம் வெளிய தெரிஞ்சுபோயிருக்கலாம்.”

“எப்படி? நான் யார்கிட்டயும் சொல்லலயே. அம்மாகிட்டகூடச் சொல்லல.”

“உன்னாலயில்ல. என் போன்லேர்ந்து போயிருக்கு. உன் போன்ல இருந்த அதே ஆப் என் போன்லயும் இருந்துச்சு.”

“உங்க போன்லயா? அவன் வச்சானா?”

பொய்க்கு அதுதான் கடைசி வாய்ப்பு. நடைபாதையில் வேறு யாரும் இல்லை.

“இல்ல” என்றாள் மைனா. “என் வீட்டுக்காரர் வச்சார்.”

அந்தப் பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டப்போகிறாள் என்று மைனா காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

வாசலில் போலீஸ் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பார்வையாளர் அறையின் கண்ணாடிக்குப் பின்னால் லென்ஸ் எழுந்து நின்றான். அவன் ஜீப்பைப் பார்க்கவில்லை. நடைபாதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், அவள் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறாள் என்று.

நர்ஸ் பெண் தன் துணிப்பையை எடுத்துக் காலடியில் வைத்தாள். பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள்.

“உக்காருங்க அக்கா” என்றாள். “நீங்க ராத்திரிக்கு எங்க தங்குவீங்க?”